சோலார் தகட்டின் கீழே ஒரு கூடு: அடைக்கும் முன் குனிந்து பார்ப்போம்

 

நமதூர் கடையநல்லூரில் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தால், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் துணிக்கொடிகளுக்கும் இடையே இப்போது சோலார் தகடுகளும் கண்ணில் படுகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தின்கீழ் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மின்கட்டணச் சுமை இருக்கக் கூடாது என எண்ணிப் பணம் அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான். அல்லாஹ் அளித்த சூரிய ஒளியைப் பயன்படுத்துவது அவனுடைய அருட்கொடைக்கு நாம் காட்டும் நன்றியில் ஒரு பகுதியே.

தகடு பொருத்திச் சில மாதங்கள் சென்றபின் அதே வீட்டாரிடமிருந்து ஒரு முறையீடு எழுகிறது. "புறா வந்து அடைகிறது, எச்சம் இடுகிறது, குப்பை சேர்க்கிறது. என்ன செய்வது?" நம்மிடம் இதைப் பலர் கேட்டுவிட்டார்கள். மார்க்கத் தீர்ப்பை அறிய விரும்பியோரும் உண்டு. வலை எங்கே வாங்கலாம் என்று மட்டும் கேட்டோரும் உண்டு. இரு சாராருக்கும் விடை சொல்லுமுன், இவ்விஷயத்தில் நாம் செய்த ஒரு தவறை ஒளிக்காமல் கூறிவிட வேண்டும்.

நாம் செய்த தவறு

நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவின் தகரக் கூரைமீது சோலார் தகடுகள் உள்ளன. கூரைக்கும் தகடுகளுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். அதில் புறாக்கள் குடியேறின. கடந்த ஆண்டு ரமளான் விடுமுறை முடிந்து மத்ரஸா திறந்த வாரத்தில், ஒருவரை வரவழைத்து நாற்புறமும் கம்பி வலை அடிக்கச் சொன்னோம். அஸ்ர் தொழுகைக்குப் பின் அவர் வேலையைத் தொடங்கினார். மஃக்ரிபுக்குள் முடித்துவிடுமாறு கீழே நின்று அவரை விரைவுபடுத்தியவர்கள் நாம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்குமாறு நாம் சொல்லவுமில்லை.

மறுநாள் ஒரு புறா வலையின் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தது. சிறிது தூரம் பறக்கும். மீண்டும் வந்து வலையில் மோதும். வலை நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணி 'அல்ஹம்துலில்லாஹ்' என்றோம். ஐந்தாம் நாள் எறும்புச் சாரையும் துர்நாற்றமும் கண்டு ஒரு பக்கத்து வலையைப் பிரித்தபோது, இறகு பாதி முளைத்த இரண்டு குஞ்சுகள் இறந்து கிடந்தன.

அந்த வாரம் மாணவர்களுக்கு நாம் நடத்திக்கொண்டிருந்த பாடம், அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி. ஒரு பயணத்தில் நபித்தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துச் சுற்றத் தொடங்கியது. அதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என வினவி, அவற்றைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டார்கள். குஞ்சுகளைப் புதைக்கக் குழி தோண்டிய மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "ஹஜ்ரத், நம்ம பாடத்துல வர்ற பறவையும் இப்படித்தானே சுத்துச்சு?"

நம்மிடம் பதில் இல்லை. நபித்தோழர்கள் எடுத்த குஞ்சுகளுக்குத் திரும்பிச் செல்ல ஒரு தாய் இருந்தது. நாம் அடைத்த குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நாம் தேடிக்கொண்ட விடையாகும்.

அவை ஏன் அங்கே வருகின்றன?

நமதூர் நெசவாளர் ஊர். ஓட்டு வீடுகளில் தறி ஓடிய காலத்தில், கை மரங்களின் இடுக்கிலும் சுவரில் மாட்டிய படங்களின் பின்னாலும் சிட்டுக்குருவிகள் கூடு கட்டியதை நம் வயதினர் பார்த்திருப்பார்கள். பிறகு ஓடுகள் இறங்கின. காங்கிரீட் தளங்கள் எழுந்தன. சந்து பொந்து இல்லாத வழுவழுப்பான சுவர்களில் பறவைக்கு இடமில்லாமல் போயிற்று. இப்போது அதே தளத்தின்மேல் நாமே ஒரு தாழ்ந்த கூரையைப் போட்டிருக்கிறோம். அங்கே நிழல் உண்டு. மேற்குமலைச் சாரல் நேரே விழாது. காகமும் பூனையும் எளிதில் நுழைய முடியாது. நாம் ஒரு கூரையை எடுத்துக்கொண்டோம். அவை மறு கூரையைக் கண்டுபிடித்துக்கொண்டன. அவற்றிற்கு இது அத்துமீறல் அன்று, குடியிருப்பு.

மாடப்புறா ஆண்டு முழுவதும் இனம் பெருக்கக்கூடியது. அதனால்தான் இத்தொல்லை ஒரு பருவத்தோடு முடிவதில்லை. மைனாவும் சிட்டுக்குருவியும் அணிலும்கூட இந்த இடுக்கை நாடும்.

இழப்பு உண்மையானதே

பறவையின்மீது இரக்கம் காட்டச் சொல்லும்போது, வீட்டாரின் இழப்பைச் சிறிதாக்கிக் காட்டுவது நீதியாகாது. தகட்டிலுள்ள மின்கலங்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டவை. வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவோரில் ஒருவர் தளர்ந்தால் முழு வரிசையும் தளர்வதைப்போல, ஒரு கலத்தின்மீது எச்சம் படிந்து ஒளி மறைந்தால் அதனுடன் சேர்ந்த மற்றக் கலங்களின் உற்பத்தியும் குறைகிறது. மறைக்கப்பட்ட கலம் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகவும் கூடும். நமது தென்கோடிப் பகுதியில் தகடுகளை அதிகம் சாய்த்துப் பொருத்துவதில்லை. எனவே எச்சம் தானாக வழிந்து இறங்குவதும் குறைவு.

தகட்டின் அடியில் காற்று ஓட வேண்டும். குப்பை அடைத்தால் வெப்பம் தங்கும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும்போதும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது. உலர்ந்த சுள்ளிகள் மின்கம்பி இணைப்புகளின்மேல் குவிந்து கிடப்பதும், அணில் கம்பியின் உறையைக் கடிப்பதும் தீ விபத்துக்கு வழிவகுக்கலாம். காய்ந்த புறா எச்சத்தின் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் அதனருகே செல்லவே கூடாது.

ஆகவே, தமது வீட்டின் பொருளையும் வீட்டாரின் உடல்நலத்தையும் காத்துக்கொள்ளத் தகட்டின் அடிப்பகுதியை அடைப்பது ஒருவரது உரிமை. பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிவழி அடிப்படை நாம் அறிந்ததே. நம்மீது வரும் தீங்கை நாம் தடுக்கலாம். எப்படி, எப்போது என்பதில்தான் மார்க்கம் குறுக்கே வந்து நிற்கிறது.

வலை எப்போது சிறையாகிறது?

பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட ஒரு பெண் அதன் காரணமாக நரகம் சென்றாள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்நபிமொழியில் அவளுடைய குற்றம் என்னவென்று கூர்ந்து பாருங்கள். அவள் பூனையை அடித்துக் கொல்லவில்லை. தானும் உணவளிக்கவில்லை, தானே இரை தேடிக்கொள்ள அதை விட்டுவிடவும் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்ததே அவள் செய்த குற்றம். குஞ்சுகள் உள்ளே இருக்கத் தாயை வெளியே நிறுத்தி வலையடிப்பது இதைத் தவிர வேறென்ன? நாம் கூரைமீது செய்தது அதுதான். அறியாமல் செய்தோம் என்பது நமது பாவமன்னிப்பில் சொல்ல வேண்டிய சொல். மற்றவர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானமாக அது ஆகிவிடக் கூடாது.

"புறாவை அறுத்து உண்ணவே அனுமதி இருக்கிறதே, அப்படியிருக்க இதற்கு ஏன் இவ்வளவு?" என்று ஒரு சகோதரர் கேட்டார். உண்மைதான், புறா ஹலாலான உணவு. ஆனால் அறுக்கும்போதுகூடக் கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளவும் பிராணியின் வேதனையைக் குறைக்கவும் நமக்குக் கட்டளை உண்டு. உண்பதற்காக முறையோடு அறுப்பதற்கும், எவருக்கும் பயனின்றிப் பட்டினியில் துடிக்கவிடுவதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. தீங்கிழைப்பவை என்பதால் கொல்ல அனுமதிக்கப்பட்டவை என ஹதீஸில் எண்ணிச் சொல்லப்பட்ட ஐந்தில் காகமும் பருந்தும் தேளும் எலியும் வெறிநாயும் வருகின்றன. புறாவோ சிட்டுக்குருவியோ அப்பட்டியலில் இல்லை.

அருள்மறையின் ஆறாம் அத்தியாயம், பூமியில் ஊர்வனவும் சிறகுகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கிறது. சமுதாயம் என்றால் அதற்கும் குடும்பம் உண்டு, தங்குமிடம் உண்டு, வாழ்நாளில் இன்ன காலம் இன்ன வேலைக்கு என்ற ஒழுங்கு உண்டு.

நாட்டின் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சிதைப்பதையும் கூடுகளைக் கலைப்பதையும் சேர்த்தே சொல்கிறது.

கூடாரத்தை விட்டுச் சென்ற தளபதி

ஸவ்ர் குகை வாசலில் புறா கூடு கட்டியது என்று பயான்களில் கூறப்படும் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். அதை நாம் இங்கே ஆதாரமாக எடுக்கவில்லை. சட்ட ஆதாரமாக அன்றி, வரலாற்று நூல்களில் பதிவான செய்தியாக வேறொன்றைச் சொல்லலாம். கி.பி. 641 வாக்கில் எகிப்தில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் அலெக்ஸாண்டிரியாவை நோக்கிப் படையுடன் புறப்பட்டபோது, அவர்களது கூடாரத்தில் ஒரு புறா கூடு கட்டியிருந்தது. கூடாரத்தைப் பிரிக்காமல் அப்படியே விட்டுவிடும்படி ஆணையிட்டுச் சென்றார்கள். திரும்பி வந்தபின் அக்கூடாரத்தைச் சுற்றியே நகரம் எழுந்தது. கூடாரம் என்று பொருள்படும் 'ஃபுஸ்தாத்' என்ற பெயர் அந்நகருக்கு இவ்வாறே அமைந்தது என்பார்கள். இன்றைய கெய்ரோவின் பழம்பகுதி அது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2020-ஆம் ஆண்டு துபாய் பட்டத்து இளவரசர் ஷேக் ஹம்தான் தமது காரின் முன்புறத்தில் ஒரு புறா கூடு கட்டியதால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் காரை எடுக்காமல் நிறுத்திவைத்தார். அங்கு பணிபுரியும் நம் சகோதரர்கள் பலர் அந்தக் காணொளியைப் பகிர்ந்திருப்பீர்கள். அதே ஆண்டு நமது தமிழகத்தில், சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில், தெருவிளக்குகளின் மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் கூடு கலைந்துவிடும் என்பதால் ஒரு மாதத்திற்கும் மேலாக ஊரே இருளில் நடந்தது. இளவரசரிடம் வேறு கார்கள் இருந்திருக்கும். பொத்தகுடி மக்களிடம் வேறு தெருவிளக்குகள் இல்லை. அந்த ஏழை எளியவர்களின் பொறுமை நம்மை வெட்கப்பட வைக்கிறது.

பொறுமைக்கு ஒரு கணக்கு

எவ்வளவு காலம் பொறுப்பது? மாடப்புறா வழக்கமாக இரு முட்டைகள் இடும். ஏறத்தாழ 18 நாள்களில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பறந்துசெல்ல இன்னும் நான்கைந்து வாரங்கள் ஆகும். முட்டையிட்ட அன்றே நாம் கண்டுவிட்டாலும் மொத்தம் ஏழு வாரங்கள். சிட்டுக்குருவிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும்.

இந்த ஏழு வாரங்களில் நாம் இழப்பது என்ன? 3 கிலோவாட் அமைப்பு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் தரும். கூடு தகட்டின் அடியில் இருப்பதால் ஒளியை மறைப்பதில்லை. மேலே படியும் எச்சத்தை அதிகாலையில் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். அப்படிக் கழுவாமல் பத்தில் ஒரு பங்கு உற்பத்தி குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். 50 நாள்களுக்கு 60 யூனிட். இரண்டு உயிர்களின் எதிரே தராசில் நாம் வைக்கக்கூடிய எடை அவ்வளவுதான்.

சுள்ளிகள் மின் இணைப்பின்மேல் கிடந்து உண்மையிலேயே தீ அபாயம் இருந்தால் மனித உயிரே முதன்மையானது. நிர்ப்பந்தத்திற்கு அதன் தேவை எவ்வளவோ அவ்வளவே அனுமதி என்பது ஃபிக்ஹின் விதி. எனவே, முதலில் மின்பணியாளரை அழைத்துக் கம்பியை உயர்த்திக் கட்டவும், சுள்ளிகளை அதிலிருந்து விலக்கவும் முடியுமா என்று பாருங்கள். கூட்டை இடம் மாற்றினால் தாய் ஏற்காமல் போகலாம். அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, தகடு பொருத்தும் நாளிலேயே வலையையும் பொருத்திவிடுங்கள். அன்று அங்கே கூடும் இல்லை, முட்டையும் இல்லை. எந்த உயிருக்கும் தீங்கில்லை. விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள். இந்த ஒரு செயல் மற்ற எல்லாச் சங்கடங்களையும் தவிர்த்துவிடும். பள்ளிவாசல் கூரைகளில் தகடு அமைக்கும் ஜமாஅத் நிர்வாகிகள் இதை ஒரு நிபந்தனையாகவே ஆக்கலாம்.

இரண்டாவது, அரை அங்குலக் கண் கொண்ட, துருப்பிடிக்காத கம்பி வலையைப் பயன்படுத்துங்கள். ஒரு அங்குலக் கண்ணில் சிட்டுக்குருவி நுழைந்துவிடும். நைலான் நூல் வலையில் பறவையின் கால் சிக்கும். தகட்டின் சட்டத்தில் துளையிடக் கூடாது. கிளிப்புகளால் மாட்ட வேண்டும், இல்லையேல் உத்தரவாதம் போய்விடக்கூடும். தகரமோ தெர்மாகோலோ வைத்து அடைத்தால் காற்றோட்டமும் அடைபடும். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் வெயில் உள்ளவரை தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே பயிற்சி பெற்றவர்களே இவ்வேலையைச் செய்யட்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே பறவை வந்துவிட்டதா? காலையில் அவை இரை தேடிச் சென்ற பின், கைப்பேசியின் விளக்கையும் கேமராவையும் கொண்டு ஒவ்வொரு தகட்டின் அடியிலும் பாருங்கள். வெறும் சுள்ளிதான் என்றால் எடுத்துவிட்டு அன்றே அடைக்கலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால், கூடு உள்ள பக்கத்தை மட்டும் திறந்துவைத்து மற்றப் பக்கங்களை அடையுங்கள். குஞ்சுகள் பறக்குமுன்னரே தாய் அருகில் அடுத்த முட்டை இடக்கூடும் என்பதால் இது மிகவும் தேவை. குஞ்சுகள் பறந்த அன்றே முகக்கவசம் அணிந்து, எச்சத்தை நனைத்துச் சுத்தம் செய்து, எஞ்சிய வழியையும் மூடிவிடுங்கள்.

நான்காவது, பசைப் பொறியும் விஷமும் வேண்டவே வேண்டாம். பசையில் ஒட்டிய பறவை மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பொம்மை ஆந்தைக்கும் பளபளக்கும் தகடுகளுக்கும் புறா சில நாள்களில் பழகிவிடும். மனிதர் காதுக்குக் கேட்காத மீயொலி எழுப்பும் கருவிகள் என விற்கப்படுபவற்றின் ஒலி பறவைகளுக்கும் கேட்பதில்லை. அதற்குச் செலவிடும் பணம் வீண்.

ஐந்தாவது, ஓரிடத்தை மூடும்போது ஓரிடத்தைத் திறந்து கொடுங்கள். இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியிலுள்ள 18-ஆம் நூற்றாண்டின் அயஸ்மா பள்ளிவாசல் சுவரில் உஸ்மானியர் குருவிகளுக்கெனக் கல்லிலேயே சிறு மாளிகைகள் செதுக்கிவைத்தார்கள். நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. வெயில் நேரே படாத சுவரில் ஒன்றேகால் அங்குலத் துளையிட்ட ஒரு மரப்பெட்டியும், தகடுகளிலிருந்து விலகிய இடத்தில் ஒரு மண்சட்டித் தண்ணீரும் போதும். சிட்டுக்குருவிக்கு அது வீடாகும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை இவ்விடத்தில் நினைவில் கொள்வோம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஊரில் மாடி ஏற முடியாத வாப்பாவும் உம்மாவும்தான் இருப்பார்கள். நீங்கள் தொலைபேசியில் "இன்றைக்கே ஆள் விட்டு எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் ஒரு சொல், இங்கே ஒரு கூட்டின் முடிவாகிவிடலாம். "முதலில் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமது மத்ரஸா கூரையில் இப்போது புதிய வலை இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் காற்றில் அதன் ஒரு மூலை கழன்றிருந்தது. நாம் கவனிப்பதற்குள் ஒரு சோடிப் புறா உள்ளே சென்று முட்டையிட்டுவிட்டது. அந்த மூலையை அப்படியே விட்டோம். குழி தோண்டிய அதே மாணவன் கரும்பலகையின் ஓரத்தில் நாள்களைக் குறித்துவந்தான். ஒரு முட்டை பொரிக்கவில்லை. மற்றதிலிருந்து வந்த குஞ்சு 46-ஆம் நாள் காலையில் கூட்டில் இல்லை. அவன் மேலே ஏறி இரு முறை பார்த்துவிட்டு வந்து, "இப்ப அடைக்கலாம், ஹஜ்ரத்" என்றான். அதன் பின்னரே அந்த மூலையை அடைத்தோம்.

முன்னர் நம் கவனக்குறைவால் மடிந்த உயிர்களுக்காக அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக! நம் பொறுப்பில் வந்துசேரும் வாயற்ற உயிர்களிடம் அழகிய முறையில் நடந்துகொள்ளும் மனத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.